வீடும் புல்போரும்: ரெம்பிராண்ட்டின் 1641 எட்சிங்கை லென்ஸ் வைத்துப் பார்ப்பது

கோடுகோடா:
டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1641-ல செஞ்ச அகலமான நிலக்காட்சி எட்சிங் (செம்புத் தகட்டுல அமிலத்தால கோடு அரிச்சு, அதுல மை ஏத்தித் தாள்ல எடுக்கிற அச்சு) ஒண்ணு இருக்கே, கூரைவீடு, ஒட்டினாப்ல வைக்கோல்போர், அவரோட எட்சிங்குகளுக்கு எண் போட்ட பார்ட்ச் பட்டியல்ல 225-ம் எண். அதைப் பத்தித்தான் இந்த இழை. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் தளத்துல பெரிய படமா இலவசமாவே இறக்கிக்கலாம். பெருசு பண்ணிப் பார்த்தா மூணு சந்தேகம் வருது. ஒண்ணு, எட்ட இருந்து பார்த்தா கூரை அச்சு அசலா கூரை. கிட்டப் போனா வெறும் கிறுக்கல். எப்படி? ரெண்டு, தூரத்து ஊர் அவ்வளவு மெலிசா, வீடு இவ்வளவு கருப்பா இருக்கிறது அமிலத்தால வந்ததா, கையால வந்ததா? மூணு, "பழைய பிரதி"ன்னு சொல்லி ஏலத்துல வர்றதை எதை வெச்சு நம்புறது?

"அருமை, அற்புதம்" மட்டும் எழுத வர்றவங்க வேற இழைக்குப் போயிடுங்க, புண்ணியமாப் போகும்.

செப்புத்தகடு:
முதலில் அளவை மனதில் வையுங்கள். தகடு ஏறக்குறைய 129 × 321 மில்லிமீட்டர். உயரத்தைப் போல இரண்டரை மடங்கு அகலம். திரையில் முழுப்படமாக நிரப்பிப் பார்ப்பவர்களுக்கு இது பெரிய ஓவியம் போலத் தெரியும். உண்மையில் ஏறக்குறைய ஒன்றரைச் சாண் நீளம், அவ்வளவுதான். கையில் பிடித்துப் பார்க்கச் செய்த பொருள். அதனால் திரையில் ஒருமுறையாவது அசல் அளவுக்குச் சுருக்கி, ஸ்கேல் வைத்துச் சரிபார்த்து, ஓர் அடி தள்ளி நின்று பாருங்கள். கூரை கூரையாகத் தெரிவது அந்தத் தூரத்துக்குத்தான்.

அப்புறம் கிட்டப் போகலாம். கணக்கு இது: இறக்கிய படம் 6000 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மில்லிமீட்டருக்குப் பதினெட்டுச் சொச்சம் பிக்சல். 0.1 மில்லி அகலக் கோட்டுக்கு இரண்டு பிக்சல்கூட முழுசாக வராது. ஆகவே கோடு எங்கே போகிறது, எங்கே அறுகிறது என்பது படத்தில் தெரியும். கோட்டின் ஓரம் எப்படி இருக்கிறது என்பது தெரியாது. ஓரத்தைப் பார்க்கத் தாள்தான் வேண்டும், கூடவே பத்து மடங்கு லென்ஸ். நகைக்கடை லென்ஸ் போதும். துணி ஆலைகளில் நூல் எண்ணப் பயன்படுத்தும் மடக்குக் கண்ணாடி, பிக் கிளாஸ் என்பார்களே, அது இன்னும் வசதி. தானே நிற்கும், கை நடுங்காது. ஆனால் கால் தாளில் படும். மேலே தெளிவான பாலியஸ்டர் தாள் போடாமல் வைக்காதீர்கள்.

கோட்டின் முனையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அமிலம் தின்ற கோடு மொட்டையாக முடியும், அகலம் நெடுக ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், ஓரம் லேசாகச் சொரசொரக்கும். உளியால் வெட்டிய கோடு இரு முனையிலும் கூராகும், நடுவில் தடிக்கும். ஊசியால் செம்பையே நேராகக் கீறியது, அதாவது டிரைபாயிண்ட், ஒரு பக்கம் வெல்வெட் மாதிரி மசங்கும். கீறும்போது எழும்பிய செம்புப் பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. பிசிறு அச்சு இயந்திரத்தில் சீக்கிரம் நசுங்கிவிடும். நல்ல மசங்கலோடு சில பத்துப் பிரதிகள் கிடைத்தாலே பெரிது.

கூரைக்கு வருகிறேன். அங்கே ரூலர் வைத்த மாதிரிக் கோடு ஒன்றுகூடக் கிடையாது. சரிவு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் குட்டிக் குட்டிக் கோடுகள், கொத்துக் கொத்தாக. ஒரு கொத்துக்கும் அடுத்ததற்கும் சாய்வு சற்றே மாறும். வெளிச்சம் படும் இடத்தில் கோடு அறுபட்டு வெறும் தாள் தெரியும். இறவாணத்துக்கு, அதாவது கூரையின் கீழ்விளிம்புக்கு, கீழே மட்டும் கோட்டின் மேல் கோடு குறுக்கே விழுந்து கருக்கும். தாளின் வெள்ளைதான் வைக்கோலின் மினுக்கு. கிறுக்கல் என்று நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் எங்கே கிறுக்காமல் விட்டிருக்கிறார் என்று பாருங்கள்.

நாணற்கூரை:
இரண்டு திருத்தம், ஒரு கூடுதல் செய்தி.

கூரையில் இருப்பது வைக்கோல் என்று அடித்துச் சொல்ல வேண்டாம். ஹாலந்தின் ஈரநிலத்தில் நாணல் கிடைத்தது, அதுதான் கூரை மேயச் சிறந்தது. சில இடங்களில் தானியத் தட்டையும் சேரும். நாணற்கூரை நல்ல சரிவாக, 45 பாகைக்கு மேல் சாய்ந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் வழியாமல் உள்ளே ஊறி அழுகும். படத்தில் சுவர் குட்டையாகவும் கூரை மலை மாதிரியும் இருப்பதற்குக் காரணம் ஓவியரின் கற்பனையில்லை, மழை.

இரண்டாவது, பக்கத்தில் இருப்பது வைக்கோல்போர் இல்லை. வைக்கோல் என்றால் நெல்லடித்த தாள். அங்கே இருப்பது மாட்டுக்குப் பனிக்காலத் தீவனமாக வெட்டி உலர்த்திய புல். டச்சுக்காரர்கள் ஹோய்பெர்க் என்பார்கள், சொல்லுக்குச் சொல் பார்த்தால் புல்மலை. சுற்றிலும் உயரக் கம்பங்கள், நடுவே புல், மேலே கம்பத்தோடு ஏறி இறங்கும் கூரை. கம்பங்களில் வரிசையாகத் துளை. கூரையைத் தேவையான உயரத்துக்குத் தூக்கி, துளையில் முளை செருகி நிறுத்துவார்கள். புல் சேரச் சேரக் கூரை ஏறும், மாடு தின்னத் தின்ன இறங்கும். கூரை எப்போதும் புல்லை ஒட்டியே இருப்பதால் காற்று புகுந்து தூக்காது, மழையும் நனைக்காது.

லென்ஸ் எடுத்தால் கம்பத்தைப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. கூரைக்கு மேலே கம்பம் நீட்டிக்கொண்டிருந்தால் கூரை இறங்கியிருக்கிறது, தீவனம் செலவாகிவிட்டது என்று பொருள். உச்சிவரை கூரை ஏறியிருந்தால் அறுவடை முடிந்து நிறைந்திருக்கிறது. பழைய டச்சுப் படங்களில் இதைப் பார்த்துப் பருவத்தைக் கூட ஊகிக்கலாம்.

சரியாக உலராத புல்லை அடுக்கினால் உள்ளே புழுங்கிச் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். சூடு பார்க்க நீளமான இரும்புக் கம்பியை உள்ளே குத்தி, கொஞ்ச நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்ப்பது வழக்கம். பக்கத்தில் நாணற்கூரை வீடு இருந்தால் கதி என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கோடுகோடா:
வைக்கோல்போர்னு நான்தான் தப்பா எழுதிட்டேன். ரெண்டாவது கேள்விக்கு யாராவது வாங்க. தூரம் அமிலத்தாலா, கையாலா?

அமிலவாசம்:
அமிலத்தால்தான். எட்சிங்கில் ஊசியை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது பெரிய விஷயமே இல்லை. மெழுகுப் பூச்சைக் கீறிச் செம்பு தெரிந்தால் போதும். ஆழமும் அகலமும் அமிலத்தில் எத்தனை நிமிஷம் கிடந்தது என்பதைப் பொறுத்தது. தூரத்து ஊரை முதலில் அரிக்கவிட்டு, தகட்டை வெளியே எடுத்துக் கழுவி, அந்தப் பகுதியில் வார்னிஷ் பூசி மூடிவிட்டு, மறுபடி உள்ளே போடுவது. நடுத்தூரம் முடிந்தால் அதையும் மூடுவது. கடைசியில் வீட்டு நிழல் மட்டும் திறந்திருக்கும். இந்தப் படியரிப்பைப் பிரெஞ்சு எட்சிங் கலைஞர் அபிரகாம் போஸ் 1645-ல் பாரிஸில் வெளியிட்ட கைநூலிலேயே விவரமாகக் காணலாம்.

செப்புத்தகடு:
பாதிதான் சரி, அமிலவாசம். படியரிப்பு இருந்தால் அடையாளம் இருக்கும். வார்னிஷ் பூசிய எல்லையில், ஒரே கோடு அந்த எல்லையைக் கடக்கும் இடத்தில், அகலம் படக்கென்று மாறும். வாய்க்கால் கரை மாதிரி முன்பக்கத்திலிருந்து தூரத்துக்கு ஓடும் கோடுகளைத் தேடிப்பிடித்து அதன் மேலேயே லென்ஸை நகர்த்துங்கள். படி தெரிந்தால் வார்னிஷ். படியே இல்லாமல் போகப்போக மெலிந்தால் வேறு காரணம்.

வேறு காரணங்களும் உண்டு. ஊசி முனையின் பருமன் ஒன்று. தடித்த முனை பூச்சை அகலமாகத் திறக்கும், அதே நேரத்தில் அகலமான கோடு வரும். கோடுகளின் இடைவெளி இன்னொன்று. ஒரே ஆழமுள்ள கோடுகளை நெருக்கிப் போட்டால் கருப்பு, தள்ளித் தள்ளிப் போட்டால் சாம்பல். ஜாக் காலோ போன்ற பிரெஞ்சு எட்சிங் கலைஞர்கள் உளிக்கோடு மாதிரித் தடித்து மெலியும் வரிக்காகக் கெட்டியான பூச்சும் சாய்ந்த முனையுள்ள கருவியும் வைத்துக்கொண்டார்கள். ரெம்பிராண்ட்டின் பூச்சு இளகியது. தாளில் பேனா ஓடுவதுபோல ஊசி ஓடும், அதனால் கோட்டில் கைவேகம் தெரிகிறது. கையாலா அமிலத்தாலா என்று பிரித்துக் கேட்டால் எட்சிங்கில் பதில் கிடைக்காது.

அமிலவாசம்:
படிப்படியாக மெலிவதற்கும் அமிலத்தில் வழி இருக்கிறது. தகட்டைச் சாய்த்து மெல்ல மெல்ல வெளியே இழுத்தால் போதும். ஆனால் கோடு இடைவெளி பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்.

புத்தகம் படித்து வாதாடுவதைவிட இறவாண நிழலை மட்டும் ஒருமுறை தகட்டில் பண்ணிப் பார்க்கலாம். 10 × 10 சென்டிமீட்டர் செம்புத் தகடு, ஒரு மில்லி கனம். விளிம்பை 45 பாகைக்கு அரத்தால் சாய்க்க வேண்டும்; சாய்க்காவிட்டால் அச்செடுக்கும்போது தாளும், அதன்மேல் விரிக்கும் கம்பளியும் கிழியும். சாக்பொடியில் கொஞ்சம் வினிகர் குழைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் முத்து முத்தாகப் பிரியாமல் தகடு முழுக்கப் படலமாக நின்றால் எண்ணெய்ப்பசை போய்விட்டது. பிரிந்தால் மறுபடி தேயுங்கள். இதில் சோம்பல்பட்டால் பின்னால் பூச்சு உரிந்து, கோடு போடாத இடத்திலெல்லாம் அமிலம் பொத்தல் போடும்.

தேன்மெழுகு, தார்ப்பிசின், குங்கிலியம் மூன்றும் சேர்ந்த பூச்சு உருண்டையைச் சூடான தகட்டில் தேய்த்து, ரோலரால் மெல்லிசாகப் பரப்பவும். பூச்சு தேன் நிறத்தில் இருக்க வேண்டும். கருத்துத் தெரிந்தால் கனம் அதிகம், ஊசி போனால் சில்லுச் சில்லாகப் பெயரும். நம் ஊர் வெயிலில் பூச்சு இளகிக் கைபட்டால் ஒட்டும். தகட்டுக்கு இருபுறமும் கட்டை வைத்து மேலே பலகை போட்டு, அதில் கையூன்றி வரையுங்கள்.

அமிலத்துக்குப் பெர்ரிக் குளோரைடு. நைட்ரிக் வேண்டாம். செம்பில் பழுப்புப் புகை கிளம்பும், அது நுரையீரலுக்கு விஷம். போதாக்குறைக்கு கோட்டில் குமிழி உட்கார்ந்துகொள்ளும், இறகால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பெர்ரிக்கில் புகை கிடையாது, ஆனால் வண்டல் உண்டு. தகட்டை மல்லாக்கப் போட்டால் வண்டல் கோட்டில் தங்கி அரிப்பு நின்றுவிடும். கவிழ்த்துப் போடுங்கள் அல்லது செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். பின்பக்கத்தை டேப் ஒட்டி மூட மறக்காதீர்கள். நேரம் எவ்வளவு என்று கேட்காதீர்கள்; கரைசலின் வயது, செறிவு, சூடு எல்லாம் மாற்றும். புத்தகத்தில் 20 டிகிரி செல்சியஸ் சூட்டுக்குச் சொன்ன நேரத்தைச் சென்னை மே மாதத்தில் அப்படியே வைத்தால் தகடு காலி. ஒரு துண்டுத் தகட்டில் ஐந்து கோடு போட்டு 5, 10, 20, 40, 80 நிமிஷம் என்று ஒவ்வொன்றாக மூடி அச்செடுங்கள். அந்தத் துண்டுதான் உங்கள் கடிகாரம்.

இனி நிழலில் தப்பு நடக்கும் இடம். குறுக்குக் கோடுகளை நெருக்கிப் போட்டு நீண்ட நேரம் விட்டால், இரண்டு கோட்டுக்கு நடுவே நிற்கும் செம்புச் சுவரையும் அமிலம் தின்றுவிடும். கோடுகள் சேர்ந்து ஒரே பள்ளமாகும். பள்ளம் அகலமானால் துணியால் துடைக்கும்போது அடியிலுள்ள மையும் போய்விடும். விளைவு: ஓரத்தில் கருவிளிம்பு, நடுவே அழுக்குச் சாம்பல். கருக்க நினைத்த இடமே வெளுத்துப்போகும். அதனால்தான் பழைய கைகள் முதல் அடுக்குக் கோட்டை அரித்து, கழுவி, மறுபடி பூச்சுப் போட்டு, இரண்டாவது அடுக்கைத் தனியாக அரித்தார்கள். லென்ஸில் ஒரு கோடு இன்னொன்றைக் கடக்கும் சந்திப்பைப் பாருங்கள். ஒன்று தடித்தும் இன்னொன்று மெலிந்தும் இருந்தால் இரண்டும் வெவ்வேறு நேரம் அரித்தவை.

புதுமை_வேண்டாம்:
அச்சு இயந்திரத்துக்கு எங்கே போவது?

அமிலவாசம்:
சென்னை என்றால் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி மண்டல மையத்தில் அச்சுக்கூடம் இருக்கிறது, விசாரியுங்கள். தாளை அரை மணி ஊறவைத்து, இரண்டு ஒற்றுத்தாளுக்கு நடுவே வைத்து மினுமினுப்பு போகும்வரை ஒற்றி எடுத்துப் போடுங்கள். சொட்டச் சொட்டப் போட்டால் மை ஒட்டாது, காய்ந்து போட்டால் கோட்டுக்குள் தாள் இறங்காது.

பழையதாள்:
மூன்றாவது கேள்விக்கு நான். வரிசைப்படி பார்த்தால் நேரம் மிச்சம்.

தாளைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அந்தக் காலத்து ஐரோப்பியத் தாளைக் கம்பிச் சல்லடையில் வார்த்தார்கள். நெருக்கமான மெல்லிய வரிகளும், அவற்றுக்குக் குறுக்கே சுமார் 20 முதல் 30 மில்லிக்கு ஒன்றாகத் தடித்த வரிகளும் தெரிய வேண்டும். வரியே இல்லாமல் சீராகப் பஞ்சு மாதிரித் தெரிந்தால் அது நெய்த வலையில் வார்த்த தாள். அந்த வகை 1750களில்தான் இங்கிலாந்தில் வந்தது. ரெம்பிராண்ட் இறந்தது 1669. கதை அங்கேயே முடிந்தது. வரி தெரிந்துவிட்டதால் மட்டும் பழசு என்று துள்ளவும் வேண்டாம். வரித்தாள் இன்றும் செய்கிறார்கள், வேண்டுமென்றே பழைய வெற்றுத்தாள் தேடி அடித்தவர்களும் உண்டு. நீர்க்குறி, அதாவது தாள் வார்க்கும்போதே பதிந்த சின்னம், கிடைத்தால் அதைப் படமெடுத்துப் பட்டியல்களோடு ஒப்பிடுவதுதான் உறுதியான வழி.

ஜப்பானியத் தாளில் இருக்கிறது என்று ஆசை காட்டுவார்கள். ரெம்பிராண்ட் அதை எடுத்தாண்டது 1647 வாக்கில்தான் தொடங்குகிறது. 1641 தகட்டின் பிரதி அந்தத் தாளில் இருந்தால், தகடு பிறந்த ஆண்டுகளில் எடுத்ததாக இருக்காது.

அடுத்தது தகட்டுப் பள்ளம், அதாவது தகடு தாளில் அழுந்திய தடம். ஈரத்தாள் காய்ந்து சுருங்குவதால் ஒரே தகட்டின் இரண்டு பிரதிகள் ஒன்றிரண்டு மில்லி வித்தியாசப்படும். அதற்காகப் பயப்பட வேண்டாம். ஐந்து மில்லி குறைந்தால் பயப்படலாம். பள்ளமே இல்லாவிட்டால் ஓரம் வெட்டிய பிரதியாகவும் இருக்கும், பழைய சேகரிப்பாளர்கள் அப்படி வெட்டுவது சகஜம்.

கைபேசி விளக்கைத் தாளின் மட்டத்துக்குப் பக்கவாட்டில் வையுங்கள். எட்சிங் மை தாளுக்கு மேலே மேடிட்டு நிற்கும், சின்ன நிழல் விழும். லென்ஸில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் ஆப்செட் அச்சு, காலண்டர் விலை.

நிறையப் பேர் ஏமாறுவது இதற்கு அடுத்த படியில். 19-ம் நூற்றாண்டில் பாரிஸில் அமான்-துராண் என்பவர் புகைப்பட முறையில் செம்புத் தகடு செய்து ரெம்பிராண்ட் எட்சிங்குகளை மறுபதிப்பு செய்தார். அதிலும் தகட்டுப் பள்ளம் உண்டு, மேடிட்ட மை உண்டு. அவர் மோசடி செய்யவில்லை, பின்பக்கம் சிவப்பு முத்திரை குத்தினார். பிற்பாடு கைமாறிய இடத்தில் முத்திரையைச் சுரண்டியிருப்பார்கள். பின்பக்கத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். வட்டமாக ஓரிடம் மட்டும் மெலிந்து பஞ்சு கிளம்பியிருந்தால் கீழே வையுங்கள். முன்பக்கத்தில் கோட்டு முனைகள் மழுங்கி, முன்புறக் கோடும் தூரக் கோடும் ஒரே மாதிரித் தட்டையாக இருக்கும்.

அசல் தகட்டிலிருந்தே எடுத்த பிந்திய பிரதிகளும் ஏராளம். ரெம்பிராண்ட்டின் தகடுகளில் எண்பதுக்கு மேற்பட்டவை 18-ம் நூற்றாண்டில் வாட்டலே என்பவரிடம் இருந்து, அவர் 1786-ல் இறந்தபின் பாசான் என்ற பதிப்பாளரிடம் போயின. பாசான் அவற்றைத் திரும்பத் திரும்ப அச்சடித்தார். தேய்ந்த தகட்டை அங்கங்கே மறுபடி கீறியும் இருக்கிறார்கள். அசல் தகடு என்ற பேச்சு உண்மை, ஆனால் கோடு செத்துப்போயிருக்கும். மெல்லிய தூரக் கோடுகள்தான் முதலில் சாகும். எனவே இந்த மாதிரிப் படத்தில் வீட்டைப் பார்த்து மயங்காமல், வானவிளிம்பில் லென்ஸ் வையுங்கள்.

கோடுகோடா:
"ஸ்டேட்"னு ஏலப் பட்டியல்ல போடுறாங்களே, அது பிரதியோட நிலைமையா?

பழையதாள்:
இல்லை, அது தகட்டின் நிலை. அச்செடுத்த பிறகு தகட்டில் ஒரு கோடு சேர்த்தாலோ அழித்தாலோ அடுத்த ஸ்டேட். பண்ணைவீட்டுப் படத்திலேயே நல்ல உதாரணம் பார்ட்ச் 223, மரங்களும் பண்ணைக் கட்டடங்களும் கோபுரமும் உள்ள காட்சி, 1651 வாக்கு. முதல் ஸ்டேட்களில் கோபுரத்தின் தலையில் கலசம் போன்ற மாடம் இருக்கும். மூன்றாவதில் அதைத் தேய்த்து எடுத்துவிட்டார், கோபுரம் மொட்டை. உண்மையில் அங்கே நின்ற கட்டடத்தைவிடப் படத்தின் கிடைக்கோடு அவருக்கு முக்கியமாகப் பட்டிருக்கிறது. செம்பைத் தேய்த்து மழிக்கும்போது சில சமயம் ஆவி மாதிரி மங்கிய தடம் தங்கும். மாடம் இருந்த இடத்து வானத்தில் தேடிப் பாருங்கள்.

நாணற்கூரை:
கட்டடம் என்றதும் சொல்ல வேண்டியது. நம் 225-ல் வீட்டுக்கு ஒரு புறம் தொலைவில் ஆம்ஸ்டர்டாம், மறுபுறம் கோஸ்ட்வெர்லோரன் மாளிகை. ஆம்ஸ்டல் ஆற்றங்கரைச் சதுப்பில் கட்டி, அஸ்திவாரம் இறங்கி இறங்கிச் செலவு வைத்த வீடு; பெயருக்கே "போட்ட காசு போச்சு" என்று பொருள். இரண்டையும் இப்படி ஒரே இடத்தில் நின்று பார்க்க முடியாது. அங்கங்கே வரைந்ததை ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். "உள்ளதை உள்ளபடி" என்று புகழ்வோர் கவனிக்கவும்.

செப்புத்தகடு:
இடவலமும் மாறும். தகட்டில் இடப்பக்கம் வரைந்தது தாளில் வலப்பக்கம் வரும். 1651-ன் "பொன் நிறுப்போர் வயல்" காட்சியில் ஹார்லெம் ஊர் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பியிருக்கிறது. ஊரைத் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். கணினியில் படத்தைத் திருப்பிப் போட்டால் தகட்டின் முன் உட்கார்ந்திருந்த கை பார்த்த காட்சி வரும். நிழற்கோடுகளின் சாய்வையும் அப்போது சரிபாருங்கள். வலக்கைக்காரர் இயல்பாகப் போடும் கோடு வலமேலிருந்து இடக்கீழ். அது தாளில் எதிர்ச்சாய்வாகத் தெரியும்.

கோடுகோடா:
திருப்பிப் போட்டுப் பார்த்தேன். கோட்டுச் சாய்வு நீங்க சொன்ன மாதிரி நிறைய இடத்துல கைக்குப் பொருந்துது. வானத்துல ஒண்ணுமே போடலையே, அதைப் பத்தி யாரும் சொல்லல?

செப்புத்தகடு:
போடாததால்தான் வீடு உட்காருகிறது. 1643-ன் "மூன்று மரங்கள்" தகட்டில் வானத்தின் பெரும்பகுதியில் கோடு, ஒரு மூலையில் மழை சரிந்து அடிக்கிறது. அங்கே நிலம் சிறுத்துப்போகும். இங்கே வெற்றுத்தாள். நல்ல பிரதியில் அந்த வெற்றிடத்திலும் மெல்லிய மைப்படலமோ, தகட்டை மெருகேற்றிய கீறலோ தெரியலாம். அழுக்கு என்று ஸ்கேனில் சுத்தம் செய்யாதீர்கள். அந்த நுண்கீறல்கள் தகடு புதிதாக இருந்தபோது எடுத்த பிரதிகளில்தான் தங்கும், சில நூறு துடைப்பில் மறைந்துவிடும்.

கோடுகோடா:
ஐயையோ, நேத்து கான்ட்ராஸ்ட் ஏத்தி வானத்தை வெள்ளையாக்கித்தான் வெச்சிருந்தேன். மறுபடி இறக்கிக்கிறேன். தலைப்புல "வைக்கோல்போர்"னு இருந்ததை "புல்போர்"னு மாத்தியாச்சு.